ஐஸ் பெட்டியோடு வந்த ராக்கம்மா

தன் சொந்த ரத்தத்தைத் தானே திருடப் பார்த்த ஒருத்தியை அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன்.

"திருடலை கீத். கவுண்டர்ல போய் நேராத்தான் கேட்டிருக்காங்க," என்றார் வள்ளிநாயகி அக்கா, மைவி காரை ரஹாங் பக்கம் திருப்பிக்கொண்டே. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குக் காட்டுகிறவர்களைப் பிடித்துப் பிடித்துச் சலித்துப்போய், ராசா டவுனில் ஒரு தையல் கடைக்கு மேலே துப்பறியும் ஆபீஸ் திறந்தவர் அவர். நான் உதவியாளன். உதவி என்றால், தே தாரிக் டீ வாங்கி வருவது, பார்க்கிங் தேடுவது, அவர் யோசிக்கும்போது குறுக்கே பேசுவது. மூன்றாவதற்குத்தான் சம்பளம் தருகிறார் என்று நான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டு வாசலிலேயே மகேந்திரன் நின்றிருந்தார். நீலாயில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். யூனிபார்ம் சட்டையைக்கூட மாற்றாமல் பாதி வேலையில் ஓடி வந்திருந்தார். பக்கத்தில் மனைவி ரோகினி.

"எங்கம்மா ராக்கம்மாவைக் காணோம் மேடம். வர்ற வியாழக்கிழமை இடுப்பு ஆபரேஷன். எலும்பு தேஞ்சு போச்சு, இப்பவே பண்ணலேன்னா அப்புறம் நடமாட்டமே இருக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. காலையில நான் வேலைக்குப் போறப்ப இருந்தாங்க. இவ மார்க்கெட் போயிட்டு வர்றதுக்குள்ள ஆள் இல்ல. போனை வீட்டுலயே வச்சிட்டாங்க."

"அந்த ரத்த விஷயத்தைச் சொல்லுங்க," என்றார் அக்கா.

சொன்னார். ஆபரேஷனில் ரத்தம் நிறையப் போகும். மற்றவர்கள் கொடுத்த ரத்தத்தை ஏற்றலாம். இல்லையென்றால் முன்கூட்டியே அவருடைய ரத்தத்தையே எடுத்து, அவர் பெயர் எழுதி வைத்திருந்து, அன்றைக்கு அவருக்கே திரும்ப ஏற்றலாம் என்று டாக்டர் இரண்டு வழி சொல்லியிருக்கிறார். ராக்கம்மா யோசிக்கவே இல்லையாம். என் ரத்தத்தையே எடுத்து வையுங்கள் என்று கையை நீட்டிவிட்டார். இரண்டு பை எடுத்தாகிவிட்டது. இன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்து மகேந்திரனுக்குப் போன். உங்கள் அம்மா ஒரு ஐஸ் பெட்டியோடு வந்து இரண்டு பையையும் வீட்டுக்குக் கேட்டார், தர முடியாது என்றதும் அழுதுகொண்டே போனார், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று.

"ரத்தக் காட்டேரிக்கு ஹோம் டெலிவரி எடுத்திருப்பாங்களோ?" என்றேன்.

ரோகினி என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே ஒரு பை குறைந்துபோனது.

"பயந்து ஓடிட்டாங்க மேடம்," என்றார் மகேந்திரன். "அஞ்சாறு வருஷமா ஆபரேஷனே வேணான்னு அடம் புடிச்சவங்க. இந்தத் தடவை சரின்னாங்களேன்னு சந்தோஷப்பட்டேன்."

"எனக்கு அப்படித் தோணலை லா," என்றார் ரோகினி. "முருங்கைக்கீரைன்னாலே மூஞ்சைத் திருப்பிக்கிறவங்க, ரத்தம் ஊறணும்னு தினம் அதைத்தான் கேட்டு வாங்கிச் சாப்டாங்க. இரும்பு மாத்திரை ஒண்ணு விடலை. பயந்தவங்க செய்யற காரியமா அது?"

அக்கா ராக்கம்மாவின் அறைக்குள் போய்ச் சுற்றிப் பார்த்தார். கட்டில், சாமி படம், கைத்தடி தொங்கிய ஆணி. ஆணியில் கைத்தடி இல்லை.

"ஆஸ்பத்திரிக்குக் கட்டி வச்ச பை எங்க?"

"எந்தப் பை?" என்றார் ரோகினி.

"எங்கம்மா ஒரு நாள் வார்டுல படுக்கப் போறாங்கன்னாலே பிளாஸ்க், மைலோ, புது சாரோங், விபூதிப் பொட்டலம்னு வாசல்ல மூட்டை வந்து உக்காந்துடும். இந்தம்மாவுக்கு நாளை மறுநாள் அட்மிஷன். ஒரு துண்டுகூட மடிச்சு வைக்கலை." அக்கா என் பக்கம் திரும்பினார். "என்ன தெரியுது?"

"மறதி?"

"ரத்தம் எடுக்கறதுலதான் அக்கறை. ஆபரேஷனுக்குப் போற எண்ணம் முதல்லேர்ந்தே இல்லை. ரத்தம் எடுத்து வைக்கிறதுக்காகத்தான் ஆபரேஷனுக்கே சரின்னு சொல்லியிருக்காங்க."

மகேந்திரன் வாயைத் திறந்து மூடினார். நான் திறந்ததை மூடவே இல்லை. அக்கா அதற்குள் அலமாரியைத் திறந்திருந்தார். கீழ்த்தட்டு காலி.

"இங்க என்ன இருந்துச்சு?"

"மாமாவோட பழைய வேட்டிங்க. அவர் போன பிறகும் தூக்கிப் போட மனசு வராம வச்சிருந்தாங்க. நைஞ்சு போனது, எதுக்கும் ஆகாது."

"ஒரே ஒரு வேலைக்கு ஆகும்," என்று சொல்லிவிட்டு அக்கா நேராகச் சமையலறைக்குப் போனார். மேடையில் சின்னக் கல் உரல் கவிழ்த்து வைத்திருந்தது. நிமிர்த்தி முகர்ந்தார். என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"ரசப்பொடி," என்றேன் உறுதியாக.

"ரசத்துல திப்பிலியும் ஓமமும் இத்தனை போட்டுக் குடிச்சா நீ நாளைக்கு எழுந்திருக்க மாட்டே. சுக்கு, மிளகு, மஞ்சள், திப்பிலி, ஓமம். பத்தியக் கறிக்குப் போடற சரக்குத்தூள் இது. பிள்ளை பெத்தவளுக்கு ஆக்கிப் போடறது. அந்தப் பழைய வேட்டி, பொறந்த பிள்ளையைச் சுத்த." அக்கா உரலைக் கீழே வைத்தார். "மகேந்திரன், யாருக்குப் பிரசவம்?"

ரோகினி திகைத்துப் போய்ப் புருஷனைப் பார்த்தார். மகேந்திரன் திகைக்கவில்லை. தரையைப் பார்த்தார். அதைத்தான் அக்கா எதிர்பார்த்திருந்தார் போலும், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"லோகா," என்றார் மகேந்திரன். "லோகேஸ்வரி. நாங்க ரப்பர் தோட்டத்துல இருந்தப்ப பக்கத்து வீட்டுப் பிள்ளை. பெத்தவ கைக்குழந்தையைப் போட்டுட்டு யாரோடயோ போயிட்டா. அப்ப நானும் கைக்குழந்தை. அம்மா ஒரு பக்கம் என்னையும் ஒரு பக்கம் அவளையும் போட்டுப் பால் குடுத்தாங்க. அவளுக்குப் பிறப்புப் பத்திரம் எடுக்கலை. அம்மா காலையில பால்மரம் வெட்டப் போறவங்க, எங்க போய் எடுக்கறதுன்னு தெரியலை. பெரியவளானதும் ஐசி, அதான் அடையாள அட்டை, இல்ல. ஐசி இல்லாதவளை வீட்டுல வச்சிருந்தா பிரச்சனைன்னு எனக்கு எப்பவும் பயம். அவ ஒருத்தன் கூடப் போனப்ப, இனிமே இந்த வாசல்ல காலை வைக்காதேன்னுட்டேன். பத்திரம் இல்லாததால கல்யாணத்தைப் பதிய முடியலை. அவனும் விட்டுட்டுப் போயிட்டான்னு கேள்விப்பட்டேன்."

"போய்ப் பாத்தீங்களா?"

"இல்ல."

ரோகினி சுவரோடு சாய்ந்து நின்றார். இந்த வீட்டில் அவருக்கு மட்டும் யாரும் எதையும் சொல்லவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"இப்ப எங்க இருக்கா?"

"தெரியாது மேடம். சத்தியமா."

அக்கா மேசையைத் தட்டினார். "கீத், அந்த ஐஸ் பெட்டி இந்த வீட்டோடது இல்ல. இடுப்பு முடியாத அம்மா, பெட்டியைத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறியிருக்க முடியாது. பெட்டி, ஐஸ், வண்டி மூணும் ஒருத்தர்கிட்டயே இருக்கு. யாரு?"

"மீன்காரர்!" என்று கத்தினேன். அன்று நான் சொன்ன ஒரே உருப்படியான பதில் அது.

ரோகினியிடம் நம்பர் இருந்தது. மீன்கார அலெக்சாண்டர் வேனில் காலையில் தோட்டங்களுக்குப் போய்விட்டு அப்புறம் ரஹாங் வருகிறவர். ஸ்பீக்கரில் போட்டதும் அவரே கொட்டிவிட்டார், பாவம், காலையிலிருந்து யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் மாதிரி.

"கெமுனிங் தோட்டத்துல பழைய லயம்க்கா. அந்தப் பொண்ணு அங்கதான் இருக்கு. மாசாமாசம் அம்மா குடுக்கிறதை நான்தான் கொண்டு போய்க் குடுப்பேன். இன்னைக்குக் காலையில, ரத்தம் படுது, அம்மாகிட்ட சொல்லுங்கன்னு அழுதுச்சு. வந்து சொன்னேன். அம்மா என் பெட்டியைக் கழுவச் சொல்லி, ஐஸ் போடச் சொல்லி, முதல்ல ஆஸ்பத்திரிக்கு விடுன்னாங்க. வெறும் பெட்டியோடதான் திரும்பி வந்தாங்க. லயத்துல இறக்கி விட்டேன்."

"ரத்தம் படற பொண்ணை விட்டுட்டா ஆஸ்பத்திரிக்குப் போனீங்க?" என்று கேட்டபோதே அக்கா எழுந்துவிட்டார். சாவி அவர் கையில் இருந்தது. நான் அதற்கு மேல் அன்று முழுக்க ஒரு ஜோக்கும் சொல்லவில்லை.

மகேந்திரன் மோட்டார் சைக்கிளில் முன்னால் போனார். கெமுனிங் தோட்டத்தில் ரப்பர் மரம் போய் இப்போது எல்லாம் செம்பனை. வங்காளதேசிகள் தங்கியிருக்கும் புது வீடுகளைத் தாண்டி, கூரைத் தகரம் துருப்பிடித்த பழைய லயம் ஒன்று, ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள். நடுவீட்டுக் கதவு திறந்திருந்தது.

தரையில் பாய். பாயில் லோகா. சுவரில் சாய்ந்து ராக்கம்மா, முடியாத காலை நீட்டிப் போட்டுக்கொண்டு, மடியில் லோகாவின் தலை. அந்தப் பழைய வேட்டித் துண்டுகள் எல்லாம் சிவந்து கிடந்தன. பக்கத்தில் ஐஸ் பெட்டி, மூடி திறந்து, ஐஸ் பாதி கரைந்து.

ராக்கம்மா எங்களைப் பார்த்துப் பயப்படவில்லை. "யாரு தாயி நீங்க? ஆஸ்பத்திரி ஆளுங்களா? என் பையைக் கொண்டாந்தீங்களா?"

"அம்மா," என்றார் மகேந்திரன். குனிந்து லோகாவை அப்படியே தூக்கினார்.

"மகேன்," என்றாள் லோகா கண்ணைத் திறந்து. "அம்மாவைத் திட்டாதே."

பின் சீட்டில் ராக்கம்மா, மடியில் லோகா. முன்னால் நான். லயத்து வாசலிலேயே மோட்டாரைப் போட்டுவிட்டு மகேந்திரன் பின் சீட்டின் கீழே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து லோகாவின் கையைப் பிடித்திருந்தார். அக்கா அப்படி ஓட்டி நான் பார்த்ததில்லை.

"நஞ்சுக்கொடி வந்து பிள்ளை வர்ற வாசலை அடைச்சுக்கிட்டு இருக்காம்," என்று ராக்கம்மா சொல்லிக்கொண்டே வந்தார். "கிழிச்சுத்தான் எடுக்கணும்னு ஒரு பிரசவ வீட்டுல சொன்னாங்க. பத்திரமெல்லாம் கேக்க மாட்டேன், ஆனா ரத்தத்துக்கு நீங்களே ஏற்பாடு பண்ணிக்கிட்டு வாங்கன்னாரு அந்த டாக்டரு. நான் எங்க போவேன்? அப்பதான் இந்த இடுப்பு டாக்டரு, உன் ரத்தத்தை உன் பேர்ல எடுத்து வைக்கலாம்னாரு. தோட்டத்துல சீட்டுப் போடுவோம் தாயி. என் முறை வர்றப்ப யாருக்காச்சும் அவசரம்னா, முறையை அவங்களுக்கு விட்டுக் குடுத்துடுவேன். எத்தனை பேருக்கு விட்டுக் குடுத்திருக்கேன். இதுவும் அதுமாதிரிதானே. நான் போட்டது. நான் சொல்றேன், இவளுக்குக் குடுங்கன்னு. அந்தக் கவுண்டர்ப் பொண்ணு முடியாதுங்குது."

"பெரிய ஆஸ்பத்திரிக்கு இவளையே கூட்டிட்டுப் போயிருக்கலாமே அம்மா?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஐசி கேப்பாங்களே தம்பி. இல்லேன்னா புடிச்சு எங்கயாச்சும் அனுப்பிட்டா? பிள்ளையைப் பெத்து எந்திரிக்கிற வரைக்கும் மறைச்சு வச்சிருந்தா போதும்னு பாத்தேன்."

ராக்கம்மா லோகாவின் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தார். வழி முழுக்க அந்தக் கை நிற்கவில்லை.

எமர்ஜென்சி வாசலில் வண்டி நின்றதுதான் தெரியும். தள்ளுகட்டில் வந்தது, ஆட்கள் வந்தார்கள். எத்தனை மாசம், எப்போது ஆரம்பித்தது, முன்பு குழந்தை உண்டா என்று கேட்டார்கள். கையில் ஊசி போட்டார்கள். கதவு மூடுவதற்கு முன்பே ஒரு நர்ஸ் ரத்தப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். யாரோ ஒரு சீனர், ஒரு மலாய்க்காரர், பெயர் தெரியாத யார் யாரோ கொடுத்து வைத்த ரத்தம். யாரும் ஐசி கேட்கவில்லை.

ராக்கம்மா உட்காரவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் ரத்த வங்கிக் கவுண்டருக்கே போனார். அங்கே இருந்த மலாய்ப் பெண் சின்ன வயசு. காலையில் போன் போட்டவர் அவர்தான். ராக்கம்மாவைப் பார்த்ததும் எழுந்து வெளியே வந்து, கையைப் பிடித்துக்கொண்டு மலாயில் பொறுமையாகச் சொன்னார். உங்களிடம் எடுத்தது உங்களுக்கு மட்டும்தான், அம்மா. உங்களுக்கு வேண்டாமென்றால் கொட்டத்தான் வேண்டுமே தவிர, வேறு யாருக்கும் ஏற்ற எங்களுக்கு அனுமதி இல்லை. அதோடு, இப்போது உள்ளே இருப்பவரின் வகை வேறு. உங்கள் ரத்தம் அவருக்குச் சேரவே சேராது.

நான் தமிழில் சொன்னேன்.

"வேறயா?" ராக்கம்மா என்னைத்தான் பார்த்தார், நான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டதுபோல. "என் பாலைக் குடிச்சு வளந்தவ தம்பி அவ. அவளுக்கு எப்படி என் ரத்தம் வேறயாகும்? நல்லாக் கேளு."

நான் கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் அவர் கண் கலங்கியிருந்தது.

டாக்டர் வெளியே வந்தபோது நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். ரோகினியும் வந்து சேர்ந்திருந்தார். பெண் குழந்தை, நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். ஆனால் வரும்போதே தாயின் உடம்பில் இருந்த ரத்தம் பெரும்பாலும் போயிருந்தது, எவ்வளவு ஏற்றியும் இதயம் தாங்கவில்லை என்றார்.

மகேந்திரன் அந்தச் சுவரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பிள்ளை மாதிரி அழுதார். ராக்கம்மா அழவில்லை. மகனின் சட்டையை இழுத்துத் திருப்பினார்.

"உள்ள ஐசி கேட்டாங்களா?"

"இல்லம்மா."

"யாருமே கேக்கலையா?"

"கேக்கலம்மா."

"காலையில நான் இங்கதானடா வந்தேன். இதே ஆஸ்பத்திரிக்கு. மீன்காரன் வேன்ல இடம் இருந்துச்சு. அவளை உக்கார வச்சுக் கூட்டியாந்திருக்கலாம். நான் பொட்டியைத் தூக்கிட்டு வந்தேனே."

எத்தனையோ பொய்யர்களை வாயடைக்க வைத்த வள்ளிநாயகி அக்கா, ஒரு கிழவியின் காலடியில் தரையில் உட்கார்ந்து அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். கேஸ் முடிந்துவிட்டது. கண்டுபிடித்துக் கொடுக்கச் சொன்னதைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டோம். அதைப்போல ஒரு தோல்வியை நான் பார்த்ததில்லை.

காரியம் முடிந்த மறுவாரம் மகேந்திரன் ஆபீசுக்கு வந்தார். ஃபீஸ் கொடுக்க வந்தார், அக்கா வாங்கவில்லை. எடுத்து வைத்த ரத்தம் கெட்டுப்போவதற்குள் ஆபரேஷன் நடக்க டாக்டர் பக்கத்திலேயே புதுத் தேதி கொடுத்திருக்கிறார், அம்மா மாட்டேன் என்கிறார், நீங்கள் வந்து சொன்னால் கேட்பார் என்றார்.

போனோம். குழந்தை ரோகினியின் தோளில் இருந்தது. ராக்கம்மா எங்களைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்.

"அது லோகாவுக்குன்னு எடுத்து வச்சது தாயி. அதை எடுத்து எனக்கே ஏத்தச் சொல்றீங்களே. எப்படி ஏத்திக்குவேன்? கொட்டிடச் சொல்லுங்க."

அக்கா வற்புறுத்தவில்லை. மகேந்திரன்தான் மெல்லப் பேசினார். அன்று காலை அவர் பதிவு இலாகாவுக்குப் போயிருக்கிறார். தாய்க்குப் பத்திரம் இல்லை, பதிவான கல்யாணம் இல்லை, அதனால் குழந்தைக்கும் சிக்கல்தான். ஆனால் வழி இருக்கிறது, பல தடவை ஏறி இறங்க வேண்டும். லோகா பிறந்ததைக் கண்ணால் பார்த்தவர் வந்து ஒவ்வொரு இடத்திலும் சொல்ல வேண்டும்.

"அதுக்கு உயிரோட இருக்கறது நீங்க ஒருத்தர்தான்ம்மா," என்றார்.

ராக்கம்மா ரொம்ப நேரம் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைத்தடியை எட்டி எடுத்தார். எழுந்து, வாசலில் இருந்த ஒற்றைப் படியில் இறங்கிப் பார்த்தார். இறங்கிவிட்டார். திரும்ப ஏற முடியவில்லை. மகேந்திரன் ஓடிப்போய்த் தூக்கப் போனபோது கையால் தடுத்துவிட்டு, தானே ஏறப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். அப்புறம் அந்தப் படியிலேயே உட்கார்ந்து, லோகா இறந்த அன்று அழாததையெல்லாம் சேர்த்து அழுதார்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. மறுநாள் வார்டுக்குப் பார்க்கப் போயிருந்தபோது நர்ஸ் முதல் பையைக் கொண்டுவந்து கம்பியில் மாட்டினார். பையில் இருந்த பெயரையும் கையில் கட்டியிருந்த பெயரையும் ஒத்துப் பார்த்துவிட்டு, ஆரம்பிக்கவா பாட்டி, உங்க ரத்தம்தான், பயப்படாதீங்க என்றார்.

ராக்கம்மா அந்தப் பையையே பார்த்தார். அதை ஊற வைக்கத்தான் அத்தனை முருங்கைக்கீரை தின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது. துடைத்துக்கொள்ளாமல் கையை நீட்டினார்.

"ஏத்தும்மா. பேத்தியைத் தூக்கிட்டு நான் நெறைய ஆபீஸ் படி ஏறணும்."